ஆறாப் புண்ணும் நீர்க்களிக் கட்டும்

உடம்பெடுத்தோர் யாவர்க்கும் புண் உண்டாதல் இயல்பு. அடுக்களையிற் கத்தி படுதலும், வரப்பில் முள் தைத்தலும், விளையாட்டு வெளியில் முழங்கால் தேய்தலும் நாள்தோறும் நிகழ்வன. இவற்றுட் பெரும்பாலான, நாம் யாதொன்றும் செய்யாமலே ஒரு வாரத்திலோ இரு வாரத்திலோ ஆறிவிடுகின்றன. குருதி உறைந்து வெட்டுவாயை அடைக்கின்றது. வெள்ளணுக்கள் விரைந்து வந்து கிருமிகளை அழிக்கின்றன. அடியிலிருந்து செந்நிறப் புதுச்சதை வளர்கின்றது. ஓரங்களினின்றும் தோல் ஊர்ந்து வந்து மூடிக்கொள்கின்றது. நாம் உறங்கும்போதும் நடைபெறும் இவ்வேலையை எண்ணுந்தோறும், உடம்பைப் படைத்தவரின் ஞானத்தை வியவாதிருத்தல் அரிது.

ஆயினும், எல்லாப் புண்ணும் இங்ஙனம் ஆறுவதில்லை. நீரிழிவுடையார் பாதத்தில் தோன்றும் புண், நெடுநாட் படுக்கையிற் கிடப்பார்க்கு முதுகிலும் இடுப்பிலும் உண்டாகும் புண், கால் நரம்பு புடைத்தவர்க்குக் கணுக்காலருகே வரும் புண் ஆகியன மாதக்கணக்காய், சிலர்க்கு ஆண்டுக்கணக்காய், நிற்பன. 2023-ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையார் தொகை 10 கோடிக்கு மேற்பட்டதெனக் கணக்கிட்டது. நீரிழிவுடையார் நூற்றுவருள் 19 முதல் 34 பேர் வரை தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பாதப்புண் அடைவர் என்பது அறிஞர் மதிப்பீடு. இவர்களுட் பலர் விரலையும், பாதத்தையும், சிலர் முழங்கால்வரையும் இழக்கின்றனர். ஆகவே இது மருத்துவக் கல்லூரி மாணவர்க்கு மட்டும் உரிய பொருளன்று. தந்தையும் தாயும் பாட்டனும் உள்ள ஒவ்வொருவர்க்கும் உரிய பொருளாகும்.

இத்தகைய புண்களுக்கென நீர்க்களிக் கட்டு என்றொரு மருந்துக்கட்டு வழக்கில் வந்துள்ளது. இஃது ஏழையெளியோர்க்கும் எட்டுமாறு செய்யப்பட வேண்டியதொன்று என்பது நம் கருத்து. எனினும், கட்டின்மேல் மட்டும் நம்பிக்கை வைத்து, கட்டப்படும் காலை மறந்துவிடுவோமாயின் அதனால் விளையும் பயன் சிறிதே என்பதும் நம் கருத்தாகும். இவ்விரண்டினையும் முறையே கூறுவோம்.

புண்ணைக் காயவிட வேண்டும் என்பது நம் வீடுகளில் வழிவழி வரும் கொள்கை. காற்றுப் படட்டும், வெயில் படட்டும், பொருக்குத் தட்டட்டும் என்று பெரியோர் கூறுவர். ஈரமுள்ளவிடத்தே அழுகலும் உண்டு என்று கண்டவர்க்கு அக்கொள்கை பொருத்தமாகவே தோன்றியிருக்கும். அவரைப் பழித்தல் தகாது. மேனாட்டு மருத்துவரும் நெடுங்காலம் இவ்வாறே கருதினர். 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இதனைச் சோதித்தறிந்தார். பன்றிகளின் தோலில் ஆழமில்லாத புண்களைச் செய்து, சிலவற்றைக் காற்றுப்பட விட்டு, சிலவற்றை மெல்லிய பாலிதீன் தாளால் மூடினார். மூடப்பட்டு ஈரமாயிருந்த புண்களில், காய்ந்த புண்களைக் காட்டிலும் ஏறத்தாழ இருமடங்கு விரைவாகப் புதுத்தோல் படர்ந்தது. அடுத்த ஆண்டில் ஹின்மன், மெய்பாக் என்னும் இருவர் மனிதர் தோலிலும் இவ்வுண்மையைக் கண்டனர்.

இதன் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. தோலின் அணுக்கள் புண்ணை மூடுவதற்கு ஓரத்திலிருந்து ஊர்ந்து வருதல் வேண்டும். ஈரமான பரப்பில் அவை எளிதாக ஊரும். காய்ந்து தடித்த பொருக்கு இருப்பின், அதன்மேற் செல்ல இயலாமல், அடியிற் புகுந்து ஈரமுள்ள வழியைத் தேடித் துளைத்துச் செல்லவேண்டும். நாம் புண்ணுக்குக் காவல் என்று கருதிய பொருக்கு, ஆறும் தோலுக்குத் தடையாகவும் நிற்கின்றது. மேலும், புண்ணின்மேல் வைத்த பஞ்சும் துணியும் காய்ந்து ஒட்டிக்கொள்வதனால், கட்டு மாற்றுந்தோறும் அன்று வளர்ந்த இளஞ்சதையும் உடன் பிய்ந்து வருகின்றது. பஞ்சு களையப்படாத புண்ணுடன் நின்ற வீரரைப் புறநானூறு பாடுகின்றது. அந்நாள் தொட்டுப் பஞ்சு நமக்குத் துணைசெய்து வந்ததேயாயினும், கட்டவிழ்க்கும் நேரத்தில் நோயாளி படும் வேதனையை அருகிருந்து கண்டோர் அறிவர்.

இனி, நீர்க்களி யாதென்பதைக் கூறுவோம். மேனாட்டார் ஹைட்ரோஜெல் என்பதனையே ஈண்டு நீர்க்களி என்கிறோம். கோடையில் நாம் உண்ணும் நுங்கின் சுளையை நினைத்துக்கொண்டால் இது நன்கு புலனாகும். சுளையிற் பெரும்பகுதி நீரே. ஆயினும் அந்நீர் வழிந்தோடாமல், கண்ணுக்குப் புலனாகாத ஒரு வலையினாற் பிடிக்கப்பட்டு, வடிவுடன் நிற்கின்றது. நீர்க்களியும் அத்தகையதே. நீரை விரும்பும் நெடிய மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னி வலையாக்கினால், அவ்வலை தன் எடையைப்போற் பன்மடங்கு நீரை உட்கொண்டு, கரையாமல் உப்பி நிற்கும். மரத்தின் செல்லுலோசிலிருந்தும், கடற்பாசியிலிருந்தும், இறால் ஓட்டிலிருந்தும், செயற்கைப் பொருள்களிலிருந்தும் இவ்வலைகளைச் செய்கின்றனர்.

செக் நாட்டுப் பிராகா நகரில் ஓட்டோ விக்டர்லே, லிம் என்னும் இருவர் உடம்புக்கு ஒவ்வும் நீர்க்களி ஒன்றைப்பற்றி 1960-இல் எழுதிய கட்டுரையே இத்துறைக்கு வழிதிறந்தது. கண்ணில் அணியும் மென்வில்லைகள் அதனின்றும் பிறந்தன. விக்டர்லே 1961-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் நாளில் தம் வீட்டிலேயே, சிறுவர் விளையாட்டுக் கருவித்தொகுதியைக் கொண்டு அவ்வில்லைகளைச் செய்யும் பொறியை அமைத்தார் என்பது வரலாறு. பின்னர்ப் போலந்து நாட்டு ஊட்ச் நகரில் யானுஷ் ரோசியாக் என்பார், கரைசலை அச்சில் வார்த்து உறையிட்டு மூடிக் கதிரியக்கத்துக்கு உட்படுத்தினால், வலை பின்னப்படுதலும் கிருமி நீங்குதலும் ஒரே செயலில் முடியும் என்று காட்டினார். நம் நாட்டில் டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தாரும் கதிர்வீச்சு முறையால் நீர்க்களிக் கட்டைச் செய்தனர். ஆகவே இஃது ஏதோ கடல்கடந்து வந்தாலன்றிக் கிட்டாத பொருளன்று. இங்கேயே செய்தற்கு உரிய பொருளே.

இக்கட்டு புண்ணுக்குச் செய்யும் உதவி மூன்று. காய்ந்த புண்ணுக்குத் தன் நீரைக் கொடுத்து ஈரமாக்குதல் ஒன்று. கசியும் நீரில் ஓரளவைத் தன்னுள் வாங்கிக்கொள்ளுதல் மற்றொன்று. இறந்துபோன சதையை ஊறச்செய்து, உடம்பின் சொந்த நொதிகளே அதனைக் கரைத்து அகற்றுமாறு செய்தல் மூன்றாவது. இவையன்றி, இது புண்ணில் ஒட்டாமையாற் கட்டு மாற்றும்போது வலி குறைகின்றது. குளிர்ச்சியாயிருத்தலின் தீப்புண்ணுக்கும் இதமளிக்கின்றது. தாளாகவும், குழலினின்று பிதுக்கும் களியாகவும் இது கிடைக்கின்றது. பெரும்பாலும் ஒரு நாள் முதல் மூன்று நாள்வரை வைக்கப்படுவது. நாள்தோறும் கட்டு மாற்றுவதற்கென்று கூலியை இழந்து பேருந்தில் வரும் ஏழைக்கு, இந்த ஒன்றே பெரிய உதவியாம்.

இனி இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். நீர் மிகுதியாகக் கசியும் புண்ணுக்கு இஃது ஏற்றதன்று. சுற்றிலுமுள்ள நல்ல தோல் ஊறி வெளுத்துச் சிதையும். குருதியோட்டம் குன்றிக் கறுத்துக் காய்ந்துபோன விரலின்மேல் இதனை வைத்து ஊறவைத்தல் தீங்காகும். அதனைக் காய்ந்தபடியே காத்து, குருதியோட்டத்தை மருத்துவர் ஆராய்தல் வேண்டும். சீழ்ப்பிடித்த புண்ணிலோ இன்னும் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஆறாப் புண்ணில் வாழும் கிருமிகள் தனித்தனியே திரிவன அல்ல. பிசின் போன்றதொரு படலத்தைத் தம்மைச் சுற்றிப் பரப்பி, அதன் மறைவிற் கூட்டமாய் வாழ்வன. அப்படலத்தை ஊடுருவ மருந்துக்கும் வெள்ளணுக்களுக்கும் எளிதன்று. ஆகையால் அழுகியதைக் கத்தியால் நீக்கி, நன்கு கழுவி, வேண்டுமாயின் உட்கொள்ளும் மருந்தும் கொடுத்த பின்னரே களியை வைத்தல் முறை. அழுக்கை உள்ளேவைத்து மேலே மெழுகுதல் வீட்டுக்கே ஆகாதெனின், உடம்புக்கு எங்ஙனம் ஆகும்?

இக்குறையை நீக்கக் கருதி, வெள்ளியையும் பிற கிருமிக்கொல்லிகளையும் நீர்க்களியிற் கலந்து செய்கின்றனர். புண் சீழ்ப்பிடித்தவுடன் அதன் காரத்தன்மை மாறுவதை உணர்ந்து, அப்போது மட்டும் மருந்தை வெளிவிடும் களிகளை ஆய்வுக்கூடங்களில் ஆராய்ந்து வருகின்றனர். இவை போற்றத்தக்க முயற்சிகளே. எனினும் எலியின் முதுகில் ஆறிய புண் வேறு. எழுபது வயதுடைய நீரிழிவாளர் குதிகாற்புண் வேறு. மனிதரிடத்துச் செய்த சோதனைகளைத் தொகுத்து 2013-இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுரையில் ஐந்து சோதனைகளும் 446 நோயாளருமே இடம்பெற்றனர். ஆழமில்லாத பாதப்புண்களில் நீர்க்களி சாதாரணக் கட்டினும் மிகுதியாக ஆற்றியதெனத் தோன்றினும், அச்சோதனைகளின் குறைகளால் உறுதி கூறுவதற்கில்லை என்று அவ்வுரை முடிந்தது. கிருமிக்கொல்லி கலந்த கட்டுகளைப் புண் ஆறுவதற்கென்றே வைக்கவேண்டா என்று நீரிழிவுப் பாதத்திற்கான உலக வல்லுநர் குழு 2023-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகின்றது. மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் எனக் கணக்கிட்டிருத்தலின், கிருமிக்கொல்லியைக் கண்டவிடமெல்லாம் பூசுதல் வருங்காலத்தார்க்கு நாம் இழைக்கும் தீங்காகும்.

அங்ஙனமாயின், ஆறாப் புண்ணை ஆற்றுவது எது? இங்கே திருவள்ளுவர் நமக்கு வழிகாட்டுகின்றார். திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அதன் இறுதிக் குறளில் ஆசிரியர், மருத்துவம் என்பது நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கு கூறுடையது என்கிறார். மருந்து என்றே பெயரிட்ட அதிகாரத்திலும், மருந்துப்பொருள் நான்கில் ஒன்றாக மட்டும் எண்ணப்பட்டிருத்தலை நாம் கருதுதல் வேண்டும். இக்காலத்தில் நாமோ அந்த ஒன்றையே முழுமையாகக் கொண்டு, புதுக்களி வந்தது, புதுக்கட்டு வந்தது என்று செய்தித்தாள்களிற் படித்து மகிழ்ந்து, ஏனைய மூன்றையும் மறந்துவிடுகின்றோம்.

இதற்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. மிஷனெரிப் பெற்றோர்க்கு 1914-இல் கொல்லிமலையிற் பிறந்த பால் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர், 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் கைகால்களை ஆராய்ந்தார். அவர்தம் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவன என்று உலகம் நம்பியிருந்த காலம் அது. உணர்ச்சியற்றுப்போன காலில் ஆணி ஏறினும், கல் உறுத்தினும், அடுப்பு சுடினும் நோயாளி அறியாமல் தொடர்ந்து நடத்தலே அழிவுக்குக் காரணம் என்று அவர் தெளிந்தார். வலி நமக்குப் பகை போலத் தோன்றினும், உண்மையில் அஃது இறைவன் வைத்த காவலாளி என்பது அவர் கண்ட பேருண்மை. புண்ணுற்ற காலின்மேல் உடலின் எடை விழாதவாறு மாவுக்கட்டுப் போட்டுவைத்தால், பெரிய மருந்து ஏதுமின்றியே பல புண்கள் ஆறின. இலங்கையில் மில்ராய் பால் என்னும் மருத்துவரும் தொழுநோய்ப் புண்களுக்கு இம்முறையைக் கையாண்டார். 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றபின், இதே அறிவு நீரிழிவாளர் பாதத்துக்கும் பயன்பட்டது. இன்றைய உலக நெறிமுறைகளிலும், உள்ளங்காற்புண்ணுக்கு எடை நீக்குதலே முதன்மையான சிகிச்சையாக நிற்கின்றது. தொழுநோயாளரிடையே நம் மண்ணிற் கற்ற பாடம் உலகெங்கும் சென்று, நம் வீட்டு நீரிழிவாளரிடம் மட்டும் வந்துசேராதிருத்தல் வருந்தத்தக்கதன்றோ?

அறிவியல் வளர வளர, உணர்ந்து தானே மருந்தளிக்கும் களி வந்துவிடும். அப்பொழுது இப்பழைய கவலைகளெல்லாம் எதற்கு என்று சிலர் வினவலாம். களி எத்துணை அறிவுடையதாயினும், அதன்மேல் அறுபது கிலோ எடையுள்ள மனிதர் நாளொன்றுக்குப் பல்லாயிரம் அடி மிதித்து நடப்பாராயின், அது யாது செய்யும்? சர்க்கரை மிகுந்த குருதியும், அடைபட்ட குழாயும், அழுத்தும் செருப்பும் அப்படியே இருக்க, மேற்பூச்சை மட்டும் மாற்றுதல் வேரை விட்டு இலைக்கு நீர் தெளித்தலை ஒக்கும்.

ஆதலின், நான்கு கூறுகளும் ஒருங்கே திருந்துதல் வேண்டும். மருந்தைப் பொறுத்தவரை, எளிய நீர்க்களிக் கட்டேனும் ஆரம்ப சுகாதார நிலையங்களிற் குறைவின்றிக் கிடைக்குமாறு செய்தல் வேண்டும். விலையுயர்ந்த வெள்ளிக்களியைச் சிலர்க்கு வாங்குதலினும், எளிய களியைப் பலர்க்கு வாங்குதல் நன்று. நோய் தீர்ப்போரைப் பொறுத்தவரை, வருவோரின் செருப்பைக் கழற்றச்சொல்லிப் பாதத்தைப் பார்க்கும் வழக்கம் ஒவ்வொரு மருத்துவரிடமும் வேண்டும். பேணுவோரைப் பொறுத்தவரை, புண்ணைக் கழுவிக் கட்டுவது தாழ்ந்த வேலை என்னும் எண்ணம் ஒழிதல் வேண்டும். எந்தப் புண்ணுக்கு எந்தக் கட்டு என்று பகுத்தறிதல் கல்வியும் அனுபவமும் வேண்டும் கலையாகும். அக்கலையிற் பயின்ற செவிலியர்க்கு அதற்குரிய காலமும் மதிப்பும் ஊதியமும் அளித்தாலன்றி, எந்தக் களியும் பயன்தராது.

நோயுற்றோரைப் பொறுத்தவரை, நம் கிறிஸ்தவ மக்களிடத்து ஒரு வேண்டுகோள் உண்டு. ஆலயவாயிலில் மிதியடியைக் கழற்றுதல் நம் நாட்டின் நல்வழக்கம். அதனை நாம் போற்றுகின்றோம். ஆயினும் உணர்ச்சி குன்றிய பாதமுடைய முதியவர், வெயில் காய்ந்த கற்றளத்தில் வெறுங்காலோடு நடந்து, சுட்டதையும் அறியாமல் வீடு திரும்பிக் காலை இழத்தல் கடவுளுக்கு ஏற்ற பலியாகுமோ? அத்தகையோர் மிதியடியுடன் உள்ளே வந்தால் எவரும் முகஞ்சுளியாதிருத்தல் வேண்டும். போதகரே இதனைச் சபையில் வெளிப்படையாகக் கூறுதல் நலம். நேர்த்திக்கடனாக வேளாங்கண்ணிக்கு வெறுங்காலோடு நடப்போரும் இதனைக் கருதவேண்டும்.

மாணவராகிய நம் கடமையும் ஒன்றுண்டு. நம்முள் தமிழ் கற்போர், மருத்துவம் நம் துறையன்று என்று ஒதுங்குதல் ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணிசெய்த அமெரிக்க மிஷனெரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, இரணவைத்தியம் முதலான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். பிறநாட்டார் ஒருவர் செய்த அப்பணியைத் தாய்மொழியாளராகிய நாம் தொடர்ந்தோமா? நீர்க்களிக் கட்டின் உறையினுள் மடித்து வைத்திருக்கும் குறிப்பு, அதனைப் பயன்படுத்துவோர் படிக்கும் மொழியில் பெரும்பாலும் இருப்பதில்லை. எந்தப் புண்ணுக்கு வைக்கலாம், எதற்கு வைக்கலாகாது, எந்த அறிகுறி கண்டவுடன் மருத்துவமனைக்கு ஓடவேண்டும் என்பனவற்றை ஒரு தாளில், பாட்டியும் படித்தறியும் தமிழில் எழுதுதல் நம்மால் இயலாததன்று. விடுமுறைக்கு வீடு செல்லும் ஒவ்வொரு மாணவரும், இரவு உறங்குமுன் தந்தை தாயரின் உள்ளங்காலை ஒருமுறை விளக்கொளியில் பார்ப்பாராயின், பல கால்கள் பிழைக்கும். அதற்குப் பட்டமும் வேண்டா, பணமும் வேண்டா.

நம் ஆண்டவர் சொன்ன நல்ல சமாரியன் உவமையை அறியாதார் இக்கல்லூரியில் இல்லை. குற்றுயிராய்க் கிடந்தவனுடைய காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதை நாம் பலகாலும் எடுத்துக் கூறுகின்றோம். அச்சமாரியன் அதனோடு நின்றானல்லன். அவனை நடக்கவிடாமல் தன் வாகனத்தின்மேல் ஏற்றினான். சத்திரத்திற் சேர்த்து இராமுழுதும் பேணினான். மறுநாட் செலவுக்குப் பணமும் கொடுத்து, குறைவதைத் திரும்பி வந்து தருவதாகவும் கூறினான். எண்ணெயின் இடத்தில் இன்று நீர்க்களி வந்துள்ளது. அஃது எண்ணெயினும் மிக நல்லதே. அதனைச் செய்வோர்க்கு நன்றி கூறுவோம். ஆனால் வாகனமும், சத்திரமும், கொடுத்த பணமும், திரும்பி வருவேன் என்ற சொல்லும் எக்காலத்தும் மனிதர் தாமே அளிக்க வேண்டியவை. அவற்றை அளிக்க இக்கல்லூரியிற் பயின்றோரும் பயில்வோரும் முன்வருவாராக.